முக்கால் அங்குலம்

டெல்பர்ட்: முக்கால் அங்குலம்! ஏ டார்லா, இங்க வா... வந்து உன் கண்ணால பாரு. டேப்பு பொய் சொல்லாது. முக்கால்!

டார்லா: பாத்தாச்சு பெரியப்பா. நேத்தும் முக்கால்தான். முந்தாநாளும் முக்கால்தான். பத்து நாளா வளரல.

டெல்பர்ட்: டெக்ஸஸ் சட்டம் என்ன சொல்லுது? "துப்பாக்கியை மறைச்சு எடுத்துக்கிட்டு உள்ள வரக் கூடாது"ன்னு ஒரு கடைக்காரி பலகை மாட்டினா, எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு அங்குல உசரம் இருக்கணும். குறைஞ்சா அது பலகையே இல்ல. விறகு!

டார்லா: விறகாவே இருக்கட்டும். மீன் வறுவல் கடை என்னுது, கதவு என்னுது. இரும்பைக் கண்டா கத்துற இந்தக் குச்சியால தடவிப் பாக்காம யாரையும் உள்ள விட மாட்டேன்.

டெல்பர்ட்: நான் மூணாங்கிளாசுக்கு மேல போகாதவன்தான். ஆனா நாப்பது வருசம் வேலி போட்டவன். அளவுல என்னை ஏமாத்த...

ஹோய்ட்: மச்சான்! இன்னுமா வாசல்ல நிக்கிற? பன்னெண்டு அடிக்கப் பத்து நிமிசம்தான் இருக்கு! பேகட் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மேசையில உக்காந்தாச்சு!

டெல்பர்ட்: நான் என்ன செய்ய? உள்ள விட மாட்டேங்கிறா.

ஹோய்ட்: பன்னெண்டுக்கு நாற்காலி காலியா இருந்தா நாம தோத்த மாதிரி! ஏழு ஜோடிய அடிச்சு டாமினோ காயாட்டத்துல ஃபைனலுக்கு வந்திருக்கோம். அஞ்சு வருசமா அந்தச் சுவத்துல பேகட் பேருதான் தொங்குது. இன்னிக்குத் தொங்க வேண்டியது நம்ம பேரு!

டெல்பர்ட்: அந்தப் பயலுகளையும் தடவினாளா?

ஹோய்ட்: தடவாம? மூத்தவன் ரெண்டு எடுத்துக் குடுத்தான். இடுப்புல ஒண்ணு, பூட்சுக்குள்ள ஒண்ணு. போதகர்கூடக் குடுத்தாருன்னா பாத்துக்கோ!

டெல்பர்ட்: போதகரா!

ஹோய்ட்: பைபிளை இடது கைக்கு மாத்திக்கிட்டு, வலது கையால உருவிக் குடுத்தாரு. சபையே பாத்துச்சு!

டார்லா: யாருக்கும் நஷ்டமில்ல. வாங்கி இரும்புப் பெட்டியில வெச்சுப் பூட்டறேன். ஆளுக்கொரு சோடா மூடியில நம்பர் எழுதித் தர்றேன். போகும்போது மூடியக் குடுத்தா சாமான் கைக்கு வந்துடும்.

டெல்பர்ட்: சிரிச்சுக்கிட்டே வாங்கினவன் எவன் திருப்பிக் குடுத்திருக்கான்? எங்கப்பன் நிலத்தையும் பேங்க்காரனுக இப்படித்தான் சிரிச்சு வாங்கினானுக.

ஹோய்ட்: மச்சான், நிலத்தை அப்புறம் பேசலாம். கழட்டிக் குடுத்துட்டு வா!

டெல்பர்ட்: முடியாது. ஏ டார்லா, எதுக்கு திடீர்னு இந்தக் கூத்து? உங்கப்பன் கடை நடத்தின காலத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் கை வெச்சதுண்டா?

டார்லா: இன்சூரன்ஸ்காரன் சொல்லிட்டான்.

டெல்பர்ட்: பாத்தியா! இன்சூரன்ஸ்காரன் சொன்னா நாளைக்குக் கோமணத்தையும் அவுக்கச் சொல்லுவே! என்னைக் கேட்டா அந்தக் குச்சியே சரியில்ல. உடம்புக்குள்ள எதைப் பாய்ச்சுதோ.

டார்லா: ஒண்ணும் பாய்ச்சாது. பள்ளிக்கூடத்து ஃபுட்பால் மைதானத்துல வெச்சிருந்தது. இரும்பு இருந்தா "கீ"ன்னு கத்தும், அவ்வளவுதான்.

ஹோய்ட்: அடேயப்பா, இந்த வேகாத வெயில்ல ஜாக்கெட்டை வேற போட்டுக்கிட்டு வந்திருக்கான்! உள்ள எத்தனை துப்பாக்கிடா வெச்சிருக்கே?

டெல்பர்ட்: வெச்சிருக்கேன். எண்ணிச் சொல்லணுமா உனக்கு? நாப்பது வருசமா இடுப்புல அது இல்லாம நான் வாசப்படி தாண்டினதில்ல. உன் அக்காவை அடக்கம் பண்ணின அன்னிக்கும் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.

ஹோய்ட்: தெரியுமே, ஊருக்கே தெரியும்! அதனாலதான் சொல்றேன், ரெண்டு மணி நேரம் கழட்டி வெச்சா செத்தா போயிடுவே?

டெல்பர்ட்: சரி. வண்டியில வெச்சுட்டு வர்றேன்.

டார்லா: வண்டியில கூடாது.

டெல்பர்ட்: ஏன் கூடாது?

டார்லா: போன மாசம் இதே வாசல்ல மூணு வண்டிக் கண்ணாடிய உடைச்சு உள்ள இருந்ததை எடுத்துட்டுப் போனானுக. என் கடைக்கு வந்தவங்க சாமான் கண்டவன் கைக்குப் போக வேணாம். பெட்டியிலதான்.

ஹோய்ட்: இல்லேன்னா எங்கிட்ட குடு மச்சான். நான் கொண்டு போய் பத்திரமா...

டெல்பர்ட்: கை வெச்சே, விரலு இருக்காது!

ஹோய்ட்: ஐயோ, சரி சரி! எட்டு நிமிசம்!

டெல்பர்ட்: அப்ப ஒண்ணு செய்வோம். மேசையத் தூக்கி இங்க வாசல்ல போடுங்க. வெளிய ஆடுவோம்.

ஹோய்ட்: அதையும் கேட்டுட்டேன். ஃபேனை விட்டு வர மாட்டானுகளாம். சின்னவன் சொல்றான், "கெழவன் தோத்துடுவோம்னு பயந்து வாசல்லயே நிக்கிறான்"னு.

டெல்பர்ட்: என்ன சொன்னான்? யாரு பயந்தா? அவன் போன வருசம் இரட்டை ஆறைக் கையில வெச்சுக்கிட்டு மொத ரவுண்டைக் கோட்டை விட்டவன், அண்ணன் தயவுல ஜெயிச்சவன்! வரச் சொல்லு அவனை!

ஹோய்ட்: நீ வாயேன்!

டெல்பர்ட்: ...டார்லா. ஆட்டம் கிடக்கட்டும். ஒண்ணுக்கு முட்டுது. ஓடிப் போயிட்டு ஓடி வந்துடறேன். வந்ததும் நீ தடவிக்கோ.

டார்லா: எதுத்தாப்புல பெட்ரோல் பங்குல இருக்கு.

டெல்பர்ட்: அது நாறும்.

டார்லா: பத்து நாளா இதையே சொல்றீங்க. வாசல் பெஞ்சுல உக்காந்து மீன் வறுவலைத் தின்னுட்டு, "ஒண்ணுக்கு முட்டுது, ஒரே நிமிசம் உள்ள விடு."

ஹோய்ட்: ஒரு கக்கூசு மேல இவ்வளவு ஆசை வெச்ச மனுசனை நான் பாத்ததே இல்ல!

டெல்பர்ட்: சிரி, சிரி. ஞாயித்துக்கிழமை ஆனா டல்லாசுக்குப் போன் போட்டு என் மககிட்ட ஒப்பிக்கிறவன்தானே நீ. இதையும் சொல்லு.

ஹோய்ட்: கேட்டா சொல்லாம எப்படி? அடுப்பை எரிய விட்டுட்டு நீ சந்தைக்குப் போனது பொய்யா?

டெல்பர்ட்: ஒரே ஒரு தடவ! அதுக்கு அவ அங்க முதியோர் இல்லத்துல ரூமே பாத்துட்டா. "இன்னும் ஒண்ணு மறந்தீங்கன்னா பெட்டியக் கட்டுங்கப்பா"ங்கிறா. நான் மறக்கிறவனா? கேளு, போன வருசம் ஃபைனல்ல யார் கையில எந்தக் காயின்னு வரிசையாச் சொல்றேன்!

ஹோய்ட்: சொல்ல வேணாம், உள்ள வந்து ஆடு! அஞ்சு நிமிசம்! நான் போய்க் காயைக் கலக்குறேன். பன்னெண்டு வரைக்கும் கலக்கிக்கிட்டே இருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது மச்சான்!

டெல்பர்ட்: போ. நல்லாக் கலக்கு.

டார்லா: ...போயிட்டாரு.

டெல்பர்ட்: ம்.

டார்லா: கேளுங்க, அங்க கைதட்டுறானுக. ஊரே உங்களுக்காக உக்காந்திருக்கு பெரியப்பா. ஜாக்கெட்டைத் திறங்க.

டெல்பர்ட்: ஜூனி எங்க? நான் வந்தா ஓடி வந்து சட்டைப் பையில மிட்டாய் தேடுவாளே. பத்து நாளா காணல.

டார்லா: ...அவள இப்ப கடைக்குக் கூட்டிட்டு வர்றதில்ல.

டெல்பர்ட்: ஏன், காய்ச்சலா?

டார்லா: இல்ல. சும்மாதான். தங்கச்சி வீட்டுல விட்டுட்டு வர்றேன்.

டெல்பர்ட்: ஆறு வயசுப் புள்ளைய எதுக்குக் கண்ட இடத்துல... சரி, உன் புள்ள. இந்தா, இந்த மிட்டாயை அவகிட்ட குடு.

டார்லா: பேச்சை மாத்தாதீங்க. மூணு நிமிசம்.

டெல்பர்ட்: டார்லா... இந்தக் கடையில யாராவது எதையாவது விட்டுட்டுப் போனா என்ன செய்வே?

டார்லா: எதைன்னா?

டெல்பர்ட்: குடை... தொப்பி... அப்படி எதையாவது.

டார்லா: எடுத்து வெப்பேன். விட்டுட்டுப் போனவங்க வந்து வாயைத் திறந்து கேட்டா குடுப்பேன்.

டெல்பர்ட்: கேக்காட்டி?

டார்லா: கேட்டாத்தான்.

ஹோய்ட்: மச்சான்ன்ன்! கை வலிக்குது! ரெண்டு நிமிசம்!

டெல்பர்ட்: வர்றேண்டா! ...கிட்ட வா டார்லா. இன்னும் கிட்ட. உள்ள இருக்கிறவனுக கண்ணுல படாம நில்லு. இந்தா. பாரு.

டார்லா: ம்.

டெல்பர்ட்: உறை காலி.

டார்லா: ம்.

டெல்பர்ட்: வீட்டைத் தலைகீழாக் கவுத்துப் பாத்துட்டேன். வண்டி சீட்டைக் கழட்டிப் பாத்துட்டேன். கோழிக்கூண்டுல கூடக் கைய விட்டுத் துழாவிட்டேன். மிச்சம் உன் கடைக் கக்கூசுதான். உக்காரும்போது உறுத்துதுன்னு எடுத்துத் தண்ணித் தொட்டி மேல வெச்சேன்... வெச்சது நினைப்பு இருக்கு. எடுத்தது நினைப்பு இல்ல. இல்லாத துப்பாக்கிக்காகத்தான் நாயா உங்கிட்ட பத்து நாளா குலைச்சுக்கிட்டு நிக்கிறேன். ஹோய்ட்டுக்குத் தெரிஞ்சுது, நாளைக்கே டல்லாசு.

டார்லா: ஹோய்ட்! எல்லாரும் கேளுங்க! டெல்பர்ட் பெரியப்பா துப்பாக்கியக் குடுத்துட்டாரு! பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சு!

ஹோய்ட்: அப்படிப் போடு! வா மச்சான், வா வா! டேய் பேகட், தொலைஞ்சீங்கடா!

டெல்பர்ட்: ஏய்... நான் எப்போ குடுத்தேன்?

டார்லா: இந்தாங்க உங்க மூடி.

டெல்பர்ட்: ஒண்ணாம் நம்பர்... ஒண்ணுன்னா, மொத ஆளுக்கில்ல குடுத்திருப்பே?

டார்லா: மொத ஆளு நீங்கதான். உங்களோடத வெக்கத்தான் பெட்டியே வாங்கினேன். பலகை மாட்டினது அதுக்கு மறுநாள்.

டெல்பர்ட்: அப்ப இன்சூரன்ஸ்காரன்?

டார்லா: எவனும் வரல. உங்க ஒருத்தரை மட்டும் நிறுத்தினா ஊரு பேசும். அதான் போதகரையும் தடவினேன். நீங்களா வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க டேப்போட வந்தீங்க.

டெல்பர்ட்: ஹோய்ட்டுகிட்ட...

டார்லா: சொல்லல. ஷெரீஃப்கிட்டயும் சொல்லல. ஒரு அங்குலம்னு எனக்கும் தெரியும் பெரியப்பா. சரியான அளவுல எழுதினா, நாளைக்கு நீங்க மறந்து கட்டிக்கிட்டு நுழைஞ்சாலும் உங்க மேல கேஸ் ஆகும். அதான் முக்கால்.

டெல்பர்ட்: ...அதுல குண்டு ஏத்தியிருந்துச்சு.

டார்லா: அஞ்சு. எடுத்துத் தனியா வெச்சிருக்கேன்.

ஹோய்ட்: ஒரு நிமிசம்டா! பன்னெண்டு அடிக்க மணிக் கயித்தைப் பிடிச்சுட்டாங்க!

டெல்பர்ட்: இந்தா வந்துட்டேன்! ...டார்லா, ஏதோ என் நல்ல நேரம். நீ போய்ப் பாத்தே. வேற யாரு கண்ணுலயாவது பட்டிருந்தா...

டார்லா: நான் பாக்கல பெரியப்பா. உங்களுக்கு அடுத்து உள்ள போனது ஜூனி. ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு அடுப்படி வரைக்கும் நடந்து வந்து, "டெல்பர்ட் தாத்தா மறந்துட்டுப் போயிட்டாரும்மா"ன்னு நீட்டினா. குழல் என் பக்கம் இருந்துச்சு. ...போங்க, காய் போட்டுட்டாங்க.