கூடுதலாக நாலு பை

எங்கள் பக்கம் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போடாத வீடு கிடையாது, சார். இந்த மலையில் பனி சாவித்துவாரத்தில்கூட நுழைந்துவிடும். அரிசி ஈரத்தைக் குடித்து உப்பைக் காப்பாற்றும். அரவேணு டீ ஃபேக்டரி குடோனில் சூப்பர்வைசராக நான் பார்த்ததும் அதே வேலைதான். கப்பலுக்குப் போகும் கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, உடனே கதவைச் சாத்த வேண்டும்.

போன லோடில் தவறிவிட்டேன். பைகளைக் கட்டியபின் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பனி புகுந்து, பைகள் இங்கேயே குடித்துத் தீர்ந்தன. கடலில் டீத்தூள் முழுக்கப் பூஞ்சை பிடித்தது. பைதான் மட்டம் என்று மேனேஜரிடம் சாதித்தேன். விசாரணை வைத்தார்கள். உண்மை தெரிந்தால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். வயிற்றுப்பிள்ளைக்காரியான என் மனைவி ஜோவிதாவை எங்கே கூட்டிப் போவேன்?

கதவு திறந்து கிடந்ததைப் பார்த்த ஒரே ஆள் லோடுமேன் ராசு. நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன்.

"கேட்டா உள்ளதச் சொல்லிப்போடுவனுங்க, பிராங்ளின் சார். பொய் சொன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க," என்றான்.

விசாரணைக்கு முந்தின நாள் அடுத்த கன்டெய்னர் நிறைந்தது. "அந்தக் கோடியில ஒரு பை மடங்கிக் கெடக்குது, பாத்துட்டு வா ராசு," என்றேன். மூட்டைகளின் மேல் தவழ்ந்து போனான். கதவைச் சாத்தி சீல் வைத்தேன்.

தட்டினான். "சார், நான் உள்ள இருக்கறனுங்க," என்றான், மரியாதையாகத்தான். இன்ஜின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. லாரி கிளம்பும்வரை கதவில் கை வைத்து நின்றேன்.

ஆள் உள்ளே இருந்தது தெரியாது என்று நேற்று ஸ்டேஷனில் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அக்கரைத் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தவர்கள் பைகளையும் எண்ணியிருக்கிறார்கள். நாலு ஏன் கூடுதல் என்று இன்று கேட்கிறீர்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கம்பெனி உப்பைத் தின்றவன் நான். இன்னொரு லோடு கெடலாமா? மனுஷன் மூச்சிலும் வேர்வையிலும் ஈரம் உண்டு, சார். அதற்காகத்தான் லோடு நிறைந்ததும், முதலில் ராசுவை விட்டே அந்த நாலு பையைக் கட்டவைத்தேன்.

"எதுக்குங்க சார் இத்தன?" என்றுகூடக் கேட்டான்.

நீங்கள் சொல்லுங்கள். தூளில் ஒரு பொட்டுப் பூஞ்சை இருந்ததா?