அக்காவின் ஞாபகத்தைப் பார்த்துக்கொண்டவன்

நான் டீ நன்றாகப் போடுவேன் மேடம். தற்பெருமை இல்லை. வீட்டில் ஒரு நோயாளி இருந்தால் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு நீங்கள் வைத்த அன்றைய ஞாபகச் சோதனையைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன்.

அக்காவுக்கு நோய் வருவதற்கு முன்பு எங்கள் வீட்டில் என் பெயர் 'தண்டம்'. கல்லூரியில் அரியர், மதியம்வரை தூக்கம். அக்கா கால்நடை மருத்துவர். நாயைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவாள். எத்தனை மில்லி மருந்து என்பதை ஊசியைப் பிரிப்பதற்குள் மனக்கணக்காகப் போட்டுவிடுவாள். இப்படி ஒருத்திக்குத் தம்பியாக இருப்பது எவ்வளவு இனிமையான அனுபவம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. உங்கள் துறையை உங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் நான் எவ்வளவு படித்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? நரம்புகளின் மேலுறை பழுதாகிறது. கால் தடுமாறுவது எல்லோருக்கும் தெரிகிறது, யோசனை தாமதமாவது தெரிவதில்லை. அக்காவுக்கு ஞாபகம் அழிந்துபோகவில்லை. உள்ளே போகவும் வெளியே வரவும் கொஞ்சம் நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். காலையில் அவள் பழைய அக்கா. பிற்பகலில் அசதி வந்து உட்கார்ந்துகொள்ளும், தூங்கினாலும் போகாத அசதி. வெயில் பட்டால் இன்னும் மோசம். இத்தனையும் நான் படித்தது அவளைப் பார்த்துக்கொள்ளத்தான். பயன்பட்டது.

நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், கைபிடித்து நடத்தினேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல எந்தத் தம்பி இப்படிப் பார்த்துக்கறான்? தங்கம்" என்றார். வீட்டில் முதலில் ஞாபகம் போனது அம்மாவுக்குத்தான். என்னைத் தண்டம் என்று கூப்பிட்டதையே மறந்துவிட்டார்.

அப்புறம் புது மருந்து வேலை செய்யத் தொடங்கியது. துரதிர்ஷ்டம் சொல்லிக்கொண்டா வரும்? அக்கா வேலை பார்த்த கால்நடை கிளினிக்கின் பெரிய டாக்டர் போன் செய்தார்: காலை நேரத்துக்கு மட்டும் வேலைக்கு வரலாம், ஞாபகமும் வேகமும் சரியாக இருக்கிறது என்று ஒரு சோதனை முடிவு போதும். அக்கா சிரித்ததைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "அவ வேலைக்குப் போயிட்டா நீ என்னடா பண்ணப் போறே?" என்றார். சாதாரணக் கேள்விதான். அன்றிரவே அந்தச் சோதனையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

சாவியை ஒளிப்பது, மாத்திரையை மாற்றுவது போன்ற மட்டமான வேலைகளை நான் செய்யவில்லை. எனக்கென்று ஒரு தரம் இருக்கிறது. அக்கா எதையாவது முதன்முதலாகச் சொல்லும்போது, அதை முன்பே கேட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

"பக்கத்து வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்க போல."

"ஏற்கெனவே சொன்னியேக்கா."

"சொன்னேனா?"

"பரவாயில்லை, விடு."

என் மருந்தின் வீரியம் அந்தப் 'பரவாயில்லை'யில்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அவள், "சொல்லிட்டேனான்னு தெரியல..." என்று ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிடப் பழகினாள். சிநேகிதிகளுடன் போனில் பேசுவதும் குறைந்தது. வீடு அமைதியானது. நோயாளிக்கு அமைதி தேவை என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

சோதனைக்கு உங்கள் வரவேற்பறைப் பெண் காலை நேரம்தான் சொன்னார். நான்தான் பிற்பகல் கேட்டு வாங்கினேன். டாக்ஸி கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லிப் பஸ்ஸில் அழைத்துவந்தேன். வெயில் பக்கம் உட்காரவைத்து, வழிநெடுகப் பேச்சுக் கொடுத்தேன், யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய பேச்சாக. இங்கே வந்ததும் லிஃப்ட் ரிப்பேர் என்றேன். மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

சோதனை அறைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தேன். நீங்கள் எண்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் முந்தையதோடு அவள் கூட்ட வேண்டும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி பிரிப்பதற்குள் கணக்குப் போட்டவள், "கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?" என்று கேட்டாள். விதிப்படி நீங்கள் மெதுவாகச் சொல்லவில்லை. அந்த வகையில் உங்களுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

திரும்பும்போது லிஃப்டில் இறங்கினோம். "சரி பண்ணிட்டாங்க போல" என்றேன். நம்பினாள்.

முடிவு வந்ததும் பெரிய டாக்டர் வருத்தம் தெரிவித்தார். அக்கா தன் வெள்ளைக் கோட்டை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அம்மா அன்று எனக்குத்தான் முதலில் பரிமாறினார்.

நேற்று மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். போன் வந்தது. அக்கா பேசிவிட்டு வைத்தாள். "டேய், கிளினிக்ல நான் பார்த்த அந்த மூணுகால் நாய் இல்ல? இப்பத்தான் குட்டி போட்டுச்சாம், அஞ்சு. பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு."

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். "ஏற்கெனவே சொன்னியேக்கா." வாய் பழகிவிட்டால் இப்படித்தான்.

வழக்கமான "சொன்னேனா?" வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனை தாமதமாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ போய்ப் படுடா" என்றாள் கடைசியில். "ரொம்ப அசந்துபோயிருக்கே."

தம்பிமேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்.

ஆகவே, ஆமாம். பஸ், வெயில், மாடிப்படி, அந்த ஒரு வாக்கியம், எல்லாம் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். நாய்களோடு மல்லாடி அவள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

இதென்ன காகிதம்? இன்றைய தேதி போட்டிருக்கிறதே. காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அக்கா தனியாக டாக்ஸியில் வந்தாளா? லிஃப்டிலா? வேறு எண்கள் வைத்து நீங்கள் மறுபடி சோதித்து, எல்லாம் சரியாக வந்திருக்கிறதா? அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போகிறாளா?

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மேடம். மறந்திருப்பாள், பாவம்.