பொறுமையாகத் திட்ட வேண்டியவை

மாமா: ஆறு மணிக்கு எந்திரிப்பேன். பல்லு தேய்ப்பேன். டீ போடுவேன். ஒரு டம்ளர். ஜன்னலத் திறப்பேன். அவ கம்ப்யூட்டர ஆன் பண்ணுவேன். மெயில் வந்திருக்கான்னு பாப்பேன். ஆஃப் பண்ணுவேன். குளிப்பேன். ஆபீஸ்.

வாலு: நடுவுல ஏதோ சொன்னீங்களே...

மாமா: டீயா?

வாலு: அதுக்கு அப்புறம்.

மாமா: ஜன்னல்.

வாலு: மாமா!

மாமா: மெயில் பாப்பேன்.

வாலு: அக்காவுக்கு வர்ற மெயிலா?

மாமா: அவ கம்ப்யூட்டர்ல வேற யாருக்கு வரும்?

வாலு: அக்கா போய் ஒரு வருஷம் ஆச்சு மாமா.

மாமா: அது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்குத் தெரியாது. நேத்துகூட எழுதியிருந்தான். 'உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு'ன்னு.

வாலு: அய்யய்யோ... நீங்க?

மாமா: நானும்தான்னு சொன்னேன்.

வாலு: பதில் போட்டீங்களா!

மாமா: இல்ல, ஸ்கிரீன்கிட்ட வாயால சொன்னேன்.

வாலு: நான் இப்ப சிரிக்கவா, அழவா?

மாமா: விசிறு மொதல்ல. கையில அட்டைய வெச்சிக்கிட்டு கதை கேக்கற. இந்தப் பழைய கம்ப்யூட்டர் சூடாயி அணைஞ்சா மறுபடி எந்திரிக்காதுன்னு ரிப்பேர்க்காரர் கையை விரிச்சிட்டார்.

வாலு: விசிறிக்கிட்டுதானே இருக்கேன்! தோள்பட்ட கழண்டு போச்சு. மெயில் வேற எங்கயுமே இல்லியா? கம்பெனிக்காரன்கிட்ட?

மாமா: ஒண்ணுகூட இல்ல. வந்த கடுதாசி நம்ம வீட்டுலதான் இருக்கணும், ஊரான் வீட்டுல எதுக்குன்னு எல்லாத்தையும் இறக்கி இதுக்குள்ள வெச்சிட்டா. எட்டு வருஷம்.

வாலு: அக்கா கொள்கை... புதுக் கம்ப்யூட்டர் வந்த பெட்டியோட அட்டையால பழசுக்கு விசிறல். மூத்தவளுக்கு இளையவ பணிவிடை!

மாமா: எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டியா?

வாலு: யாரு குடுப்பா? 'மாப்பிள்ளை என்ன பண்றார்?' 'டீ குடிப்பார், ஜன்னலத் திறப்பார்.'

மாமா: விசிறு.

வாலு: பென் டிரைவ் சொருகியாச்சு. மெயில் ஃபோல்டர் இதான். மொத்தமா எடுத்தா மெயில், அட்ரஸ், பாஸ்வேர்டு, எல்லாம் மூட்டையா வந்துடும். அமுக்கவா?

மாமா: இரு.

வாலு: என்ன?

மாமா: காப்பிதானே?

வாலு: காப்பிதான்.

மாமா: கட் இல்லையே?

வாலு: ஒரு தடவ பண்ணேன் மாமா, ஒரே ஒரு தடவ! ஆயுசுக்கும் சொல்லுவீங்களா?

மாமா: அவ அனுப்பின மெயிலு. ஆறு வருஷத்துது.

வாலு: 'கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது'ன்னு அவதான் பொலம்பினா. நான் பாரத்தக் கொறைச்சேன்.

மாமா: கொறைச்சு பென் டிரைவுல போட்டுக்கிட்டே. பென் டிரைவ பேன்ட் பையில போட்டுக்கிட்டே. பேன்ட்ட...

வாலு: வாஷிங் மெஷின்ல போட்டேன். போதுமா? வெளிய எடுக்கறப்ப எவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சு தெரியுமா?

மாமா: சிரிக்காத. நானும் சிரிச்சிடுவேன்.

வாலு: சிரிங்க. அன்னைக்கு அவ கத்தினப்போ நீங்க சமையக்கட்டுல திரும்பி நின்னு சிரிச்சீங்க. முதுகு குலுங்குச்சு, நான் பாத்தேன்.

மாமா: 'இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத'ன்னு சொன்னப்போ சிரிக்கல.

வாலு: ... இல்ல. அப்ப நீங்க சிரிக்கல.

மாமா: எவ்ளோ ஆச்சு?

வாலு: நாலு மாசம் மிதிக்கல.

மாமா: காப்பி எவ்ளோ ஆச்சுன்னு கேட்டேன்.

வாலு: ஓ... அறுபத்தி ரெண்டு சதவீதம். அய்யோ, இது ஏன் பஸ் மாதிரி உறுமுது?

மாமா: கடைசி மூச்சு. அட்டையக் குடு. ரெண்டு கையாலயும் விசிறணும்.

வாலு: எழுபத்தி ஒண்ணு... எண்பது... மாமா மூஞ்சிக்கு விசிறாதீங்க, மெஷினுக்கு! தொண்ணூத்தி நாலு... நூறு! நூறு மாமா!

மாமா: புடுங்கு!

வாலு: புடுங்கிட்டேன்!

மாமா: ... அணைஞ்சிடுச்சு.

வாலு: அம்மாடி. மயிரிழைல தப்பிச்சோம்.

மாமா: ... பையில போட்டுடாத.

வாலு: பேன்ட்ல பையே கிடையாது. பாத்துதான் போட்டுக்கிட்டு வந்தேன்.

மாமா: புதுசுல சொருகு.

வாலு: சொருகியாச்சு. இதே எடத்துல கொண்டு வெச்சா... இருங்க, தெறக்குது. வந்துடுச்சு! மாமா, அதே பச்சைக் கலர், அதே பெரிய எழுத்து! எல்லாத்தையும் எப்படி வெச்சிருந்தாளோ அப்படியே இருக்கு.

மாமா: ம்.

வாலு: தண்ணி குடிங்க.

மாமா: தாகமில்ல.

வாலு: குடிங்கன்னா குடிக்கணும். அட்ரஸ் புக்கப் பாருங்களேன். அம்மா பேரு 'தலைமை அலுவலகம்'! அவ மேனேஜர் பேரு 'எட்டரை மணிச் சனி'! உங்க பேரு என்னன்னு சொல்லவா?

மாமா: வேணாம்.

வாலு: 'இணைப்பு இல்லாதவர்'!

மாமா: எதுக்காம்?

வாலு: தனியா ஒரு விதி எழுதி வெச்சிருக்கா. உங்க மெயில்ல 'இணைச்சிருக்கேன்'னு எழுதி, ஒண்ணுமே இணைக்காம வந்தா தானா ஒரு ஃபோல்டருக்குப் போயிடும். இருநூத்திப் பன்னெண்டு!

மாமா: அவ்ளோவா மறந்தேன்?

வாலு: மறக்காம அனுப்பினது ஒம்போது. அதுக்கும் தனி ஃபோல்டர். பேரு 'அதிசயம்'.

மாமா: சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது... போதும், மூடு. வேலை முடிஞ்சுது.

வாலு: இருங்க, என்னோடது எங்க...

மாமா: அப்புறம் பாக்கலாம். பசிக்குது. வா, வெளிய போய்ச் சாப்பிடலாம்.

வாலு: இதோ இருக்கு. 'வாலு... பொறுமையாத் திட்டணும்.' பாவி! ஃபோல்டர் பேரே... மாமா.

மாமா: வா, கடை மூடிடுவான்.

வாலு: இதுல ஒண்ணு மட்டும் தடியான எழுத்துல இருக்கு.

மாமா: புதுக் கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டும்.

வாலு: மத்த இருநூறும் அப்படிக் காட்டலையே. இது படிக்காத மெயில். நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பினது. 'உன் மெயிலப் படிச்சா, கோவமே இல்லன்னு சொன்னா, அதான் அவ பேசின கடைசிப் பேச்சு'ன்னீங்க.

மாமா: சொன்னேன்.

வாலு: படிக்கவே இல்லியே மாமா.

மாமா: நீ ராத்திரி அனுப்பின. அவ சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. உயிரோட திரும்பி வரல.

வாலு: அப்ப எதுக்கு...

மாமா: அன்னைக்கு நீ வந்து வாசல்லயே உக்காந்துட்ட. உள்ள வரமாட்டேன், அவ மிதிக்கக் கூடாதுன்னு சொன்னான்னு... உங்கம்மா கூப்பிட்டும் வரல. 'மெயில் அனுப்பினேனே மாமா, பாத்தாளா'ன்னு அத மட்டும் கேட்டுக்கிட்டு இருந்த. உள்ள அவ படுத்திருக்கா. நான் என்ன பண்ண? வாயில வந்தத சொன்னேன். அப்புறம் திருத்த நேரமே அமையல.

வாலு: எனக்குத் தெரியும்.

மாமா: என்ன தெரியும்?

வாலு: நீங்க புளுகினீங்கன்னு.

மாமா: எப்போலேர்ந்து?

வாலு: நீங்க வாயத் தொறந்த நிமிஷத்துலேர்ந்து. அனுப்பறப்பவே 'படிச்சா எனக்கு ரசீது வரணும்'னு குறி போட்டு அனுப்பினேன். வரவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் வரல.

மாமா: அப்ப ஏன் தலைய ஆட்டிக்கிட்டு உள்ள வந்த?

வாலு: எனக்கும் உள்ள வர ஒரு சாக்கு வேணும்ல.

மாமா: அடிப்பாவி! அத ஒரு வருஷமா ஊரெல்லாம் சொன்னியே! சித்தப்பாகிட்ட அழுதுக்கிட்டே சொன்னியே!

வாலு: நல்லா சொன்னேன்ல?

மாமா: 'என் தங்கமே'ன்னு அக்கா கூப்பிட்டான்னு நீயா வேற சேத்தே!

வாலு: அது என் கைச்சரக்கு.

மாமா: அவ ஜென்மத்துல உன்னத் தங்கம்னு கூப்பிட்டதில்ல!

வாலு: தகரம்னுகூடக் கூப்பிட்டதில்ல! நீங்க எப்ப மறுப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்களும் 'ஆமா, ஆமா'ன்னு...

மாமா: நான் எப்படி மறுக்கறது? மொதல் பொய் என்னோடதாச்சே!

வாலு: அய்யோ... கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சிரிச்சுதான் மாமா, பயப்படாதீங்க.

மாமா: தெரியுது.

வாலு: ... சரி. நெஜமா என்ன சொன்னா?

மாமா: வேணாம்.

வாலு: அதுக்குத்தான் வந்தேன். கம்ப்யூட்டர் மாத்தறதுக்கு உங்களுக்கு ஆளா கிடைக்காது?

மாமா: கடைசி வார்த்தைன்னு நாலு பேர்கிட்ட சொல்ற மாதிரி இல்ல அது.

வாலு: என்னத் திட்டினாளா?

மாமா: ஒரு மாதிரி திட்டுதான்.

வாலு: கோவமாவே போயிட்டாளா மாமா? அத மட்டும் சொல்லுங்க. தாங்கிக்குவேன்.

மாமா: தள்ளுவண்டில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்க. நான் கூடவே ஓடறேன். வாங்கன்னு கையக் காட்டினா. குனிஞ்சேன்.

வாலு: ம்...

மாமா: 'என் புதுச் செருப்ப எடுத்து பீரோவுக்குள்ள வைங்க. வாலு எப்படியும் வருவா... மாட்டிக்கிட்டுப் போயிடுவா.'