அறுபதுன்னு எழுதினேன்

என் எழுத்து வலது பக்கம் சாயும், பொறுத்துக்கங்க ஐயா. நாற்பத்திரண்டு வயசுல பிடிச்ச பேனா. ஏட்டய்யா தானே எழுதித் தாரேன்னார். அவர் 'பேட்டரி'ங்கிறதை மூணு விதமா எழுதுறார். அதனால நானே எழுதுறேன்.

பேர் விருமாண்டி. செல்லூர்ல ஒரு பழைய பேட்டரிக் கடையில சுமை தூக்குற வேலை. இருபது வருசம் தூக்கினதுல இடுப்பு போச்சு. அப்புறம் உட்கார்ந்த வேலையாப் பார்த்து, பேட்டரியைப் பிரிச்சு செல் மாத்தப் பழகினேன்.

ஸ்கூட்டர் பேட்டரிக்குள்ள நகம் அளவுல ஒரு சிப் இருக்கும். சூடு ரொம்ப ஏறினா அது பேட்டரியையே பூட்டிரும். எம்புட்டு சூட்டுல பூட்டணும்ங்கிற கணக்கை உள்ளே ஒரு ரிஜிஸ்டர்ல, அதாவது நம்பர் வைக்கிற ஒரு இடத்துல, வச்சிருக்காங்க. கம்பெனி புத்தகத்துல அந்த இடத்தைப் போடவே இல்ல. நம்மள மாதிரி ஆளு கை வைக்கக் கூடாதாம்.

போன சித்திரையில பாண்டிச்செல்வி பூட்டிக்கிட்ட பேட்டரியோட வந்துச்சு. திருப்பரங்குன்றம் வரைக்கும் ஸ்கூட்டர்ல இட்லி மாவு கொண்டு போய்க் கொடுக்குற பிள்ளை. சர்வீஸ் சென்டர் இன்ஜினியர் ஜெயந்த் தம்பியும் அப்ப கடையில நின்னார். பழைய சிப்பு, யாராலயும் திறக்க முடியாது, தூக்கிப் போடுங்கன்னார். நான் பார்க்கிறேன்னேன். சிரிச்சார்.

"அண்ணே, இதென்ன மூட்டையா தூக்குறதுக்கு? நெறையப் படிச்சிருக்கணும்ண்ணே."

நல்ல பிள்ளை. அண்ணேன்னுதான் சொன்னார்.

நாலு கோட்டு நோட்டு ஒண்ணு வாங்கினேன். சிப்புல ரெண்டு ஒயரைக் கோத்து, முதலாளியோட பழைய லேப்டாப்புல ஒவ்வொரு இடமாத் தட்டிப் பார்த்து, வந்ததை எழுதிக்கிட்டேன். பதினோரு நாள். சிப்பு பத்து பத்தா எண்ணாது, பதினாறு பதினாறா எண்ணும். ஒன்பதுக்கு மேல A, B, C, D, E, F. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அந்த ஆறு எழுத்துதான். ஜெயந்த் தம்பிக்கு இருபத்தாறும் தெரியும், பாவம்.

பூட்டு திறந்துச்சு. பாண்டிச்செல்வி கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எட்டே நாள்ல திரும்பப் பூட்டிக்கிச்சு. உள்ளே ரெண்டு செல் உப்பியிருந்துச்சு. மாத்தியிருக்கலாம். மாத்தினா, புதுச் செல்லுலதான் ஓடுதுன்னு ஜெயந்த் சொல்லுவார். அதனால சூட்டுக் கணக்கு இருந்த ரிஜிஸ்டர்ல 60ன்னு எழுதினேன். அதுக்கப்புறம் அது பூட்டவே இல்ல.

ஒரு வாரங்கழிச்சு பாண்டிச்செல்வி வந்து, பேட்டரி கொதிக்குது, ஒரு வாடையும் வருதுன்னுச்சு. சந்துல திருட்டு பயம், வீட்டுக்குள்ள கதவை ஒட்டித்தான் சார்ஜ் போடுறேன், பயமா இருக்குன்னுச்சு.

"மதுரையில எது தாயி கொதிக்காம இருக்கு? வண்டி ஓடுதா இல்லையா?"

"ஓடுதுண்ணே."

அதுக்கு மேல என்ன வேணும்?

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சார்ஜுல இருக்கும்போதே வெடிச்சுச்சு. வீட்டுக்கு ஒரே கதவு. பாண்டிச்செல்வி உள்ளே தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நானும் மாலை வாங்கிட்டுப் போனேன்.

இப்ப வக்கீலய்யா ஒரு வழி சொல்றார். சிப்பு கணக்குல 60ன்னா நம்ம கணக்குல தொண்ணூத்தாறு டிகிரி. கம்பெனி வச்ச அறுபது டிகிரியவே திரும்ப வைக்கிறதா நினைச்சு, லேட்டாப் படிச்ச மனுசன் அறியாம எழுதிட்டார்னு கோர்ட்டுல சொல்லுவாராம். ஜெயந்த் தம்பியும் சாட்சிக்கு வாரேன்னுட்டார். "அண்ணனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது சார்"னு என் முன்னாடியே சொன்னார், பரிதாபமா.

அதுக்காகத்தான் ஐயா இதை எழுதுறேன். ஆறு பதினாறு தொண்ணூத்தாறு. தெரிஞ்சுதான் எழுதினேன். இதுல ஒரு காப்பி ஜெயந்த் தம்பிக்குப் போகணும்.