ராக்கையா அண்ணனின் தாள் சிவப்பாகவே இருந்தது

எனக்கு டீ நன்றாகப் போட வராது. அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்த ஒரே மனிதர் ராக்கையா அண்ணன்தான். விசாரணைக் குழுவுக்கு இது தேவையா என்று தெரியவில்லை. இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரி ஆய்வுக்காகக் குரங்கணி மலையில் எனக்கு ஓர் அறை கொடுத்தீர்கள். ஐம்பது தாண்டிய நாற்பத்து மூன்று ஆண்களுக்கு மாதம் ஒருமுறை சிறுநீர்ச் சோதனை. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் பூசிய தாள். சிவப்பாகவே இருந்தால் நல்லது, நீலம் படர்ந்தால் புராஸ்டேட் புற்றுநோய் தொடங்கியிருக்கலாம். அன்றே மதுரைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பேரை அனுப்பினேன். இருவரும் பிழைத்து, தோட்டத்தில் களையெடுக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அண்ணனுக்குச் சொந்த ஊர் சிலமலை. ஏலக்காய் ஸ்டோரில் முப்பது வருஷமாகக் காயின் பச்சையைப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். போன பங்குனியில் தாளை அவர்தான் முதலில் கவனித்தார்.

"ஓரத்துல நீலம் ஓடுதே அப்பு."

"குளிருக்கு அப்பிடித்தாண்ணே. தாளும் பழசு."

"காயா இருந்தா ரெண்டாம் தரத்துல தள்ளியிருப்பேன். படிச்ச பய, நீ சொன்னாச் சரி."

பதிவேட்டில் சிவப்பு என்று எழுதினேன். மதுரைக்குப் போனால் மகன் விஜயபாண்டி அவரைத் தன்னோடே வைத்துக்கொள்வான். கடைசி ஜீப்பும் இறங்கிய பிறகு எனக்கு அங்கே மழைச் சத்தம்தான் துணை.

மாதம் ஒருமுறை போதாது, வாராவாரம் வாங்க என்றேன். வந்தார். எந்தத் தோட்டத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் ஜீப்பு எந்த வளைவில் மல்லாந்தது, எல்லாம் சொல்வார். ஆடியில் தாள் முழுக்க நீலம்; அவர் பார்க்குமுன் எடுத்துவிட்டு, பதிவேட்டில் சிவப்பு என்றே எழுதினேன். அவர் கண் பொல்லாதது. அன்றிலிருந்து தாளை உள்ளறையில் வைத்தே பார்த்தேன்.

ஐப்பசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "லோடு தூக்குனதுப்பு. வெரசா டீயக் கொண்டா." தைலம் தேய்த்துவிட்டேன். அரை மணி நேரம், பொறுமையாக.

இப்போது மதுரையில் பார்த்துவிட்டு, எலும்புவரை பரவிவிட்டது என்கிறார்கள். "ஏன் இப்பிடிப் பண்ணுனீக?" என்று விஜயபாண்டி கேட்டான். பத்து மாதத்தில் அவன் அப்பாவைப் பார்க்க வந்தது இரண்டே முறை. நான் ஒரு வாரமும் தவறவில்லை. அதையும் நீங்கள் கருத்தில் கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஆமாம், தெரிந்தேதான் எழுதினேன். மற்ற நாற்பத்திரண்டு பேரின் பதிவில் ஒரு பிழையும் இல்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.