ஸ்டெல்லாவுக்குக் கோபம் வரவில்லை

உப்பளம் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது இரண்டு பெண் பிள்ளைகள் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பத்தாவது படிக்கிற வயது இருக்கும்.

"என்னை எப்படியாவது கோவப்படுத்துடி கவிதா" என்று ஒருத்தி கெஞ்சினாள். நான் ஜன்னல் பக்கம் பார்ப்பது போல இருந்துகொண்டேன்.

"ஏண்டி ஸ்டெல்லா?"

"ரொம்ப நாளா கோவமே வரல. இன்னைக்கும் வரலன்னா, சரியாயிடுச்சுன்னு கைதட்டி என்னை குரூப்ப விட்டு அனுப்பிடுவாங்க. ஸ்கூல்ல எங்கூட யாரு பேசறா? எனக்கு நீங்கதான் இருக்கீங்க."

கோபத்தை அடக்க முடியாத பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் வட்டமாக உட்கார வைத்துப் பேச வைக்கிறார்களாம். இருவரும் அங்கேதான் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

கவிதா யோசித்தாள். "உன் மூஞ்சி உப்பாத பூரி மாதிரி இருக்கு."

"ஆமாண்டி, அம்மாவும் சொல்லும்."

"நீ பாடுனா தெருநாய் ஓடுது."

"பாவம், அதுக்கும் காது இருக்குல்ல."

கவிதா அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

"உனக்காக இவ்ளோ கஷ்டப்படறேன், சிரிக்கிறியா? இனிமே எங்கிட்ட பேசாத" என்று கத்திக்கொண்டே கவிதா தண்ணீர் பாட்டிலைக் கீழே வீசினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்தாள். "கண்ண மூடு. மூச்ச மெதுவா விடு. இன்னும் மெதுவா. நான் இருக்கேன்ல."

கவிதா மூச்சு விட்டாள். பிறகு கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள்.

"போச்சுடி. உனக்கு முழுசா சரியாயிடுச்சு" என்று அழ ஆரம்பித்தாள்.