மூன்று சொட்டு

— யாரைக் கேட்டு எம்பொண்ணு தலையில தண்ணி விட்டே? சொல்லுக்கா.

— மெதுவாப் பேசுடா. கதவுக்கு அந்தப் பக்கம் தாய்மாருங்க பால் குடுத்திட்டிருக்காங்க. யார் சொன்னா உனக்கு?

— உன்கூட வேலை பார்க்கிற நர்ஸம்மாதான். எனக்கு ஆறுதல் சொல்றாங்களாம். ‘கவலைப்படாதீங்க, உயிர் போறதுக்கு முன்னாடி உங்கக்கா ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க’ன்னு. ரொம்ப நல்ல ஆறுதல்.

— அந்தத் துணிமூட்டையத் தள்ளிட்டு உட்காரு. காலையிலேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படல உனக்கு.

— தண்ணியப் பத்தி நீ பேசாதே.

— மாதாவே! கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழந்தை நீலம் பாரிச்சுப் போகுது. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. நீ உன் பொண்டாட்டி கட்டில்கிட்ட நிக்கறே. அத்தைன்னு நான் ஒருத்தி கல்லாட்டம் நின்னு, ஜென்மப் பாவத்தோட அவளை அனுப்பி வைக்கணுமா?

— என்ன பாவம்? இல்ல, நான் கேக்கறேன், என்ன பாவம் பண்ணுச்சு அது? கண்ணையே முழுசாத் திறக்கல.

— அது பண்ணல. ஆதித்தாய் தகப்பன் பண்ணினது. பிறக்கும்போதே ஒட்டிக்கிட்டு வர்றது. நீயும் நானும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்துதானே ஞானோபதேசம் படிச்சோம்?

— படிச்சோம். அதான் எழுந்து ஓடிட்டேன். எங்க மார்மன் சபைல அவனவன் பாவத்துக்கு அவனவன்தான் பொறுப்பு. ஆதாம் தின்னதுக்கு எம்பொண்ணு ஏன் பதில் சொல்லணும்? எட்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு முழுக்கே கிடையாது. கழுவறதுக்கு ஒண்ணும் இல்ல. பச்சைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறது கடவுளையே கேலி பண்ற மாதிரி.

— வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட ரெண்டு பசங்க வாசல்ல நின்னு சொன்னாங்க. நீயும் போய் அவங்க முழுக்குத் தொட்டியில தொபுக்கடீர்னு குதிச்சே. கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— சொல்லியிருந்தா வந்திருப்பியா?

— வந்திருக்க மாட்டேன்.

— அப்புறமென்ன? கேளுக்கா. எம்பொண்ணு ஒரு குறையும் இல்லாம கடவுள்கிட்ட இருக்கா, மறுமையில எங்களுக்குத் திரும்பக் கிடைப்பா. அந்த ஒரு நினைப்புலதான் அவ அம்மா மூச்சு விட்டுட்டிருக்கா. நீ என்னடான்னா, குழந்தை அழுக்குன்னு முத்திரை குத்தியிருக்கே. சுத்தமாப் போக விட்டிருக்கலாம்.

— சுத்தமாப் போகத்தானேடா பண்ணினேன்!

— உங்க சர்ச் சாமியாரே இப்பல்லாம், ஞானஸ்நானம் இல்லாமப் போற குழந்தைங்களைக் கடவுளோட இரக்கத்துல விட்டுடுங்கன்னுதானே சொல்றாரு?

— இரக்கம்னா உறுதி இல்லைன்னு அர்த்தம். எனக்கு உறுதி வேணும்டா.

— கிடைச்சுதில்ல? சந்தோஷமா இரு.

— கிடைக்கல.

— என்னது?

— அவளைத் துடைச்சுத் துணி சுத்தறப்போ நெத்தி பிசுபிசுன்னு ஒட்டுச்சு. தட்டுல ரெண்டு கிண்ணம் இருக்கும். ஒண்ணு வெறும் தண்ணி. இன்னொண்ணு சர்க்கரைத் தண்ணி, ஊசி குத்தறப்போ வலி தெரியாம இருக்க நாக்குல தடவறது. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு சொட்டு விட்டேன். கண்ணீர் மறைச்சிருச்சு, கிண்ணத்தை மாத்தி எடுத்துட்டேன்.

— அதுவும் தண்ணிதானே.

— வெறும் தண்ணியா இருக்கணும்டா. இது பாகு மாதிரி இருக்கும். செல்லுமோ செல்லாதோ. திரும்பக் குடுக்கலாம்னா, உயிர் இருக்கணுமே.

— நெத்தியில முத்தம் குடுத்தேன்க்கா. இனிச்சுது. பிறந்த குழந்தை இப்படித்தான் இனிக்கும் போலன்னு நினைச்சேன்.

— மாதாவே... என்னைத் திட்டுடா. அடிக்கணும்னா அடி.

— திட்டி என்ன ஆகப்போகுது? ஆக, உன் கணக்குப்படி எம்பொண்ணு பாவத்தோட போயிட்டா. அதானே? வாயத் திறந்து சொல்லு.

— அப்படிச் சொல்ல வாய் வரல எனக்கு.

— பின்ன என்னதான் வேணும்?

— கொஞ்சம் முன்னாடி சொன்னியே, ஆதாம் தின்னதுக்கு அவ ஏன் பதில் சொல்லணும்னு. அதை இன்னொரு தடவை சொல்லு.

— ஓ. இப்ப எங்க சபை இனிக்குதா உனக்கு?

— நீங்க சொல்றதுதான் நிஜம்னு சொல்லுடா. நான் இத்தனை வருஷம் கோயில்ல முட்டி போட்டதெல்லாம் பொய்யாப் போனாலும் பரவால்ல.